செல் நல்லாத்தானே இருக்கு!

இந்த ஒரு வாக்கியத்தை இனி யாராவது என் காதுபடச் சொன்னால், அப்புறம் நடப்பதற்கு நான் பொறுப்பில்லை. ஏழு மாதமாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆமாம், லேபில் நான் வளர்க்கும் செல் நல்லாத்தான் இருக்கு. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தரைக்கு ஓடு பதித்த மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அழகாக வளர்கிறது. உள்ளே வைரஸ் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறது!

எனக்கு வேலை எம்டிபிகே செல்லில். 1957இல் மேடின், டார்பி என்ற இரண்டு விஞ்ஞானிகள் மாட்டுச் சிறுநீரகத்திலிருந்து வளர்த்தெடுத்தது. வைரஸ் வந்தால் செல் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்து அக்கம்பக்கத்தை உஷார்படுத்தும் இல்லையா, அதை அளப்பதுதான் என் ஆய்வு. வைரஸ் ஆர்என்ஏ மாதிரி நடிக்கும் பாலி ஐசியைக் கொடுத்தால் ஒழுங்கான எம்டிபிகே இன்டர்ஃபெரானைக் கொட்ட வேண்டும். என்னுடையது கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

பாலி ஐசி பழசு என்றார்கள், புதிது வாங்கினோம். அளக்கப் பயன்படும் பிரைமர் என்ற டிஎன்ஏ துண்டு சரியில்லை என்றார்கள், மாற்றினோம். கடைசியில் என் ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு சொன்னார், "உன் கைதான்மா சரியில்லை." இராத்திரி பதினொரு மணிக்கு ஹூட் முன்னால் உட்கார்ந்து, பைப்பெட் பிடித்த கையைப் பார்த்து அழுதிருக்கிறேன்.

செல் வளர்ப்பில் ஒளிந்து தொற்றும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவுக்குப் பார்த்தாயா? பார்த்தேன், மூன்று தடவை, நெகட்டிவ். அதோடு கடமை முடிந்தது என்று எல்லோரும் கையைக் கழுவிவிடுகிறார்கள். வைரஸுக்குப் பார்க்கலாமா என்று கேட்டால், "எதுக்கு? செல் நல்லாத்தானே இருக்கு!" வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களிடம் என்ன பேச?

வெறுத்துப்போய், கால்நடை நோயறியும் பிரிவில் இருக்கும் ஒரு அக்காவிடம் கெஞ்சி, பிவிடிவிக்கு ஆர்டி-பிசிஆர் போட்டேன். மாடுகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் வைரஸ். வைரஸ் இருக்கிறது என்று காட்டும் பேண்ட் ஜெல்லில் கண்ணைக் குத்தியது. பிளாஸ்க்கில், உறைய வைத்த குப்பிகளில், செல் வளர ஊற்றும் சீரத்தின் இன்னும் தொடாத பாட்டிலில்கூட!

இந்த வைரஸில் செல்லைக் கொல்லும் ரகம் உண்டு, கொல்லாத ரகமும் உண்டு. கொன்றாலாவது தெரிந்து தொலைக்கும். கொல்லாதது சத்தமில்லாமல் என்-ப்ரோ என்ற புரதத்தைச் செய்கிறது. அந்தப் புரதம், இன்டர்ஃபெரானுக்குச் சுவிட்ச் போடும் ஐஆர்எஃப்-3ஐப் பிடித்து, செல்லின் சொந்தக் குப்பைத் தொட்டியிலேயே தள்ளிவிடுகிறது. வாயைக் கட்டிப்போட்ட செல்லிடம் ஏழு மாதம் "ஏன் கத்தவில்லை?" என்று கேட்டிருக்கிறேன் நான்.

வந்த வழி சீரம்தான். சினை மாட்டை அறுக்கும்போது உள்ளே இருக்கும் கன்றின் இரத்தத்திலிருந்து எடுப்பது அது. தாய்க்குச் சினையின் முதல் நான்கு மாதத்துக்குள் இந்தத் தொற்று வந்தால், கருக்கன்றின் உடம்பு வைரஸைத் தன்னுடையது என்றே நினைத்து ஆயுசுக்கும் சுமக்கும். பல கன்றுகளின் சீரத்தைக் கலந்துதான் ஒரு லாட். அதில் இப்படி ஒரு கன்று போதும், குடம் பாலுக்குத் துளி விஷம்.

பாட்டிலில் பெருமையாகப் போட்டிருக்கிறான், 0.1 மைக்ரானில் வடிகட்டியது என்று. அது 100 நானோமீட்டர் ஐயா! வைரஸ் 40 முதல் 60 வரைதான். கோழி வலையில் கொசு பிடிக்கிற கதை. 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடு காட்டுவதை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள் சிலர். அது சீரத்திலிருக்கும் காம்ப்ளிமென்ட் என்ற நோய் எதிர்ப்புப் புரதங்களை அடக்கத்தான், இவனை அடக்க அதை நம்ப முடியாது. காமா கதிர் பாய்ச்சிய சீரம் கிடைக்கிறது. விலை கூட. "பட்ஜெட் இல்லைம்மா." சரி, ஏழு மாதம் கொட்டிய ரீஏஜென்ட் எந்த பட்ஜெட்? ஓடிப்போன என் ஃபெலோஷிப் காலம் எந்த பட்ஜெட்?

இது புதுக் கதையும் கிடையாது. போலியோ தடுப்பூசிக்காக ரீசஸ் குரங்கின் சிறுநீரகச் செல்களை வளர்த்தார்கள். அதில் எஸ்வி40 என்ற குரங்கு வைரஸ் சத்தமில்லாமல் இருந்தது 1960இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அதுவும் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் செல்லுக்குப் போனதும் அங்கே குமிழ் குமிழாகக் கிளப்பிக் காட்டிக்கொடுத்ததால். அதற்குள் எத்தனையோ லட்சம் பேருக்கு ஊசி போட்டாகிவிட்டது. ரீசஸ் செல்லும் பார்க்க நல்லாத்தான் இருந்திருக்கும்!

ஜெல் படத்தை எடுத்துக்கொண்டுபோய் கைடு மேஜையில் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். மன்னிப்பெல்லாம் நான் எதிர்பார்க்கவில்லை, "உன் கை சரிதான்" என்று ஒரு வார்த்தை போதும். அவர் கேட்டது, "இதை வேற யார்கிட்டயாவது காட்டினியா? இந்த செல்லை நாலு லேபுக்குக் கொடுத்திருக்கோமே."

நேற்று மாடி லேபிலிருந்து ஒரு பெண் ஐஸ் பெட்டியோடு வந்து நிற்கிறாள். "அக்கா, போன தடவை நீங்க கொடுத்த எம்டிபிகே சூப்பரா வளர்ந்துச்சு. இன்னொரு குப்பி கிடைக்குமா?"