மைலேஜ் கொடுக்காதது வண்டியா, என் காலா?

வண்டி எடுத்து ஏழு மாதம் ஆகிறது. சின்ன பெட்ரோல் வண்டிதான், 1.2 லிட்டர் என்ஜின். ஷோரூமில் மாட்டியிருந்த பலகையில் லிட்டருக்கு 22.3 என்று என் தலை அளவுக்கு எழுதி வைத்திருந்தார்கள். எனக்குக் கிடைத்தது 11.8. குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. டேங்க்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, மறுபடி அதே பங்க்கில் அதே மெஷினில் ஆட்டோ கட் ஆகும் வரை போட்டு, நோட்டில் எழுதிப் பார்த்த கணக்கு. டேஷ்போர்டு திரை மட்டும் 13.1 என்று காட்டிக்கொண்டிருந்தது, நம் மனசு நோகக் கூடாது என்று அதற்கும் ஒரு அக்கறை போலிருக்கிறது.

மாதம் 750 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். பலகையில் போட்டபடி கொடுத்தால் 34 லிட்டர் போதும், போவதோ 64 லிட்டர். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட சென்னையில் இந்த 30 லிட்டர் வித்தியாசம் மாதம் 3,000 ரூபாய். பையனின் டியூஷன் காசு ஐயா அது!

சர்வீஸ் சென்டரில் போய்ச் சொன்னால், "புது என்ஜின் சார், ஃபர்ஸ்ட் சர்வீஸ் முடியட்டும்" என்றார்கள். முடிந்தது. "ரெண்டாவது சர்வீஸ்ல செட் ஆயிடும் சார்." அதுவும் முடிந்தது. மூன்றாவது முறை போனபோது அந்தத் தம்பி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "உங்க டிரைவிங் ஸ்டைல் சார்" என்றார். பதினெட்டு வருடமாக வண்டி ஓட்டுகிறவனிடம்! விடவில்லை, கவுண்டரிலேயே நின்று சத்தம் போட்டேன். சரி, மைலேஜ் டெஸ்ட் எடுத்துக் காட்டுகிறோம் என்று ஒத்துக்கொண்டார்கள்.

அந்த டெஸ்ட்டைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி, வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை. அந்த நேரத்தில் அங்கே நாய்கூடக் குறுக்கே வராது. டேங்க்கை விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு, அவர்கள் ஆள் ஓட்டுகிறார், நான் பக்கத்தில். ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாக "ஏசியை ஆஃப் பண்ணிடலாமா சார்?" என்றார். மே மாதம். கண்ணாடியை இறக்கப் போனேன், "வேணாம் சார், காத்து புடிக்கும்" என்று அதையும் ஏற்றிவிட்டார். அப்புறம் ஐந்தாவது கியரில் 55-இல் வைத்து, ஒரு தடவைகூட பிரேக் மிதிக்காமல், 40 கிலோமீட்டர். எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. திரும்பி வந்து பெட்ரோலை நிரப்பிப் பார்த்தால் 20.6. "பாத்தீங்களா சார், வண்டியில ஒரு குறையும் இல்ல" என்று சிரிக்கிறார். இட்லிக் குண்டாவுக்குள் உட்கார்ந்து ஆபீஸ் போகவா எட்டு லட்சம் கொடுத்தேன்?

கோபத்தில் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன், அந்தப் பலகை எண் எங்கிருந்து வருகிறதென்று. புனேயில் ஏஆர்ஏஐ என்று ஒரு பரிசோதனை நிலையம் இருக்கிறதல்லவா, அங்கே வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி, ஒரே இடத்தில் ஓட்டி எடுக்கும் எண் அது. மொத்தம் சுமார் 20 நிமிடம், பத்தரை கிலோமீட்டர், உச்ச வேகம் 90, சராசரி வேகம் மணிக்கு 32 கிலோமீட்டருக்குப் பக்கம். ஏசி கிடையாது. பள்ளம் கிடையாது, பின் சீட்டில் மாமியார் கிடையாது, குறுக்கே பாயும் ஷேர் ஆட்டோ கிடையாது. அதைப் பொய் என்று நான் சொல்லவில்லை. எல்லா வண்டியையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்க அப்படி ஒரு எண் வேண்டும்தான். ஆனால் அதைத் தலை அளவுக்கு எழுதிவிட்டு, எப்படி எடுத்தது என்பதை எறும்பு அளவில் எழுதுகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்.

என் பாதை மேடவாக்கத்திலிருந்து பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர். ஒன்பது கிலோமீட்டருக்கு 40 நிமிடம், அதாவது மணிக்கு 13 கிலோமீட்டர் சொச்சம், நல்ல சைக்கிள்காரன் என்னை முந்திவிடுவான். மெட்ரோ வேலைக்குத் தடுப்பு போட்டு மிச்சம் விட்ட சாலையில் இரண்டாவது கியருக்கு மேல் போவதே அபூர்வம். சும்மா நிற்பது மட்டும் கால் மணி நேரம். ஏசி ஓட நின்றுகொண்டிருக்கும் சின்ன வண்டி மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும் என்பதால், ஒரு நடைக்கு 200 மில்லி நின்ற இடத்திலேயே போய்விடுகிறது. போதாதென்று, சூடாகாத என்ஜின் அதிகம் குடிக்கும், அது நன்றாகச் சூடாகிற நேரத்தில் ஆபீஸ் வந்துவிடும். இதில் என் கால் என்ன செய்யும்?

அட்வைஸ் மட்டும் கொட்டுகிறது. "விடியற்காலையில் பெட்ரோல் போடு, கெட்டியாக இருக்கும்." பூமிக்கு அடியில் இருக்கும் டேங்க்கில் காலைக்கும் மாலைக்கும் சூடு என்ன பெரிதாக மாறிவிடும்? "500-க்குப் போடாதே, 510-க்குப் போடு." அளவில் சந்தேகம் என்றால் பங்க்கில் ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரம் வைத்திருக்க வேண்டும், அதில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள், பத்து ரூபாய் மந்திரமெல்லாம் எதற்கு? "நைட்ரஜன் அடி, மைலேஜ் கூடும்." சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் இருக்கிறது. இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டவர் எங்கள் பிளாக் பெரியவர்: "இறக்கத்தில் நியூட்ரல் போட்டு விடுங்க தம்பி." மேடவாக்கத்தில் மேம்பாலத்தை விட்டால் இறக்கம் ஏது சார்? தவிர, இப்போதைய என்ஜினில் கியரிலேயே வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்குக் குடிக்கும். மலைப்பாதையில் இதைச் செய்து பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் அவரா வந்து நிற்பார்?

இவ்வளவு கத்திவிட்டு, உண்மையையும் சொல்லிவிட வேண்டும். என் பக்கமும் கொஞ்சம் ஓட்டை இருந்தது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் டயர் காற்றழுத்தம் 33 பிஎஸ்ஐ என்று போட்டிருக்கிறது. நான் பார்த்த அன்றைக்கு நாலு டயரிலும் 26, 27. பங்க்கில் போனால் காற்று மெஷின் எப்போதும் ரிப்பேர், அதனால் 2,000 ரூபாய்க்குச் சொந்தமாக ஒன்று வாங்கி, பதினைந்து நாளைக்கு ஒருமுறை, டயர் சூடாகும் முன் காலையிலேயே அடித்துவிடுகிறேன். சிக்னலில் என்ஜின் ஆட்டோமேட்டிக்காக நின்றுபோகும் வசதியை எரிச்சலில் ஆஃப் செய்து வைத்திருந்தேன், இப்போது மறுபடி ஆன் செய்துவிட்டேன். முன் வண்டியோடு இடைவெளி விட்டு உருட்டுகிறேன். இடைவெளி விட்டால் பைக் நுழையும், நுழையட்டும். இத்தனைக்கும் பிறகு வந்தது 13.6. நெடுஞ்சாலையில் திண்டிவனம் தாண்டி 85-இல் போனால் 20-ஐத் தொடுகிறது. அதே சாலையில் என் மச்சான் 120-இல் விரட்டி 15-க்கு இறக்கிக் காட்டினான், 90-லிருந்து 120-க்குப் போனால் காற்றின் தடை முக்கால் பங்கு கூடும் என்று சொன்னால் அவன் காதில் ஏறவில்லை.

பெட்ரோலிலும் கதை இருக்கிறது. இப்போது சாதாரணப் பெட்ரோல் என்று கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலைவிட எத்தனாலில் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, ஆகக் கலவையில் 6, 7 சதவீதம் போச்சு. அதற்கென்றே டியூன் செய்த புது என்ஜினில் இழப்பு அவ்வளவு இருக்காது என்கிறார்கள், சரி, நம்புகிறேன். ஆனால் சக்தி குறைந்த சரக்குக்கு விலை ஒரு ரூபாயாவது குறைந்ததா?

நேற்று லிஃப்டில் நான்காவது மாடிக்காரர், இதே வண்டியைப் புக் செய்யப் போகிறாராம், மைலேஜ் எவ்வளவு என்று கேட்டார். பதிமூன்றரை என்றேன். "ஓட்டுற விதத்துல இருக்கு சார், என் மச்சினன் இதே வண்டியில 20 எடுக்கிறான்" என்றார். மச்சினனுக்கு எந்த ஊர் என்று கேட்டேன். புதுக்கோட்டைப் பக்கமாம்.