பிணையும் திருமணமும் ஆட்ட விதிகளாகும்போது

இடைக்கால அரச குலங்களின் போட்டியைக் கதையாக விரிக்கும் பலகை விளையாட்டை வடிவமைக்க முனைபவர்களில் பலர், அட்டைகளில் நீளமான கதைப் பத்திகளை எழுதுவதிலிருந்தே தொடங்குகிறார்கள். முதல் ஆட்டத்தில் அவற்றை எல்லோரும் ஆர்வமாக வாசிப்பார்கள். பழகிய பிறகு ஓரத்தில் உள்ள எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அட்டையைக் கீழே வைத்துவிடுவார்கள். கதை நிலைக்க வேண்டுமானால் அது விதிகளிலிருந்தே பிறக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இங்கிலாந்தின் அரியணைக்காக அரச குலத்தின் இரு கிளைகள் மோதிக்கொண்ட ரோஜாப் போர்களையே எடுத்துக்கொள்வோம். 1485 ஆகஸ்ட் 22 அன்று பாஸ்வொர்த் களத்தில் ஸ்டான்லி குடும்பத்தின் படை நெடுநேரம் ஒதுங்கியே நின்றது. தாமஸ் ஸ்டான்லியின் மகன் மன்னர் மூன்றாம் ரிச்சர்டிடம் பிணைக்கைதியாக இருந்தார். மன்னரை எதிர்த்து வந்த ஹென்றி டியூடரோ, ஸ்டான்லியின் மனைவி மார்கரெட் போஃபர்ட்டுக்கு முந்தைய மணத்தில் பிறந்தவர். இறுதியில் தம்பி வில்லியம் ஸ்டான்லியின் வீரர்கள் டியூடருக்காகக் களமிறங்க, ரிச்சர்ட் அங்கேயே மாண்டார். இந்தத் தவிப்பை இரண்டே விதிகளில் கொண்டுவந்துவிடலாம்: வாரிசுக் காயைப் பிணையாகக் கொடுத்தவர் பிணை பெற்றவரைத் தாக்கினால் அந்தக் காயை இழக்க நேரிடும், மண உறவு கொண்ட அணி வென்றால் அவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அதன்பின் படையை நகர்த்தாமல் காத்திருப்பதும் ஒரு நகர்வாகிவிடும், எதிரே இருப்பவர்களும் அந்தக் காத்திருப்பைக் கூர்ந்து கவனிப்பார்கள்.

தன்னால் வெல்ல முடியாத ஆட்டக்காரர் இன்னொருவரின் வெற்றியைத் தீர்மானிப்பதை வடிவமைப்பின் குறை என்பார்கள். இந்தக் கருப்பொருளுக்கு அதுவே உயிர்நாடி என்பேன். வாரிக் பிரபு 1461இல் நான்காம் எட்வர்டு அரியணை ஏறத் துணைநின்றார். 1470இல் அவரையே விரட்டி ஆறாம் ஹென்றியை மீண்டும் அமர்த்தினார். 1471இல் பார்னெட் போரில் உயிரிழந்தார். முடி அவர் தலைக்கு வரவே இல்லை. ஆகவே எல்லா அணிகளுக்கும் அரியணை ஒன்றே இலக்காக இருக்கக் கூடாது: ஒருவர் மகளை அரசியாக்க முயல வேண்டும், ஒருவர் நிலத்தைக் காக்க வேண்டும், ஒருவர் கடனாகக் கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற வேண்டும். பகடை வேண்டுமா என்ற விவாதம் இதற்கெல்லாம் பிறகுதான்.

முதல் சோதனை ஆட்டங்களை ஒரு வரிக் கதைகூட எழுதாத அட்டைகளோடு நடத்துங்கள். ஆட்டம் முடிந்ததும் யார் யாரை எப்போது கைவிட்டார் என்று ஆட்டக்காரர்கள் தாங்களாகவே பேசத் தொடங்கினால், அதன்பின் அட்டைகளுக்குக் கதை எழுதலாம்.