புதிய செடி என்று அறிவிக்குமுன் பூவைப் பிரித்துப் பாருங்கள்

மலைப் புல்வெளியில் கண்ட ஒரு பூவைப் படமெடுத்துப் போட்டு, உடனே "புதிய சிற்றினம்" என்று அறிவிக்கும் அவசரத்தில் எனக்கு உடன்பாடே இல்லை. படத்தைப் பார்த்துக் கூட்டம் சேரும், பெயர் நிற்காது.

நீலகிரி, பழனி மலைகளின் ஈரப் புல்வெளிகளில் வளரும் காசித்தும்பை வகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பூவை அப்படியே தாளுக்குள் வைத்து அழுத்தினால் மெல்லிய இதழ்கள் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிப்பது பெரும்பாடு. பறித்த அன்றே பிரிக்க வேண்டும். மேல் இதழ் தனியாக வரும். பக்க இதழ்கள் நான்கும் இரண்டிரண்டாக இணைந்திருக்கும். கீழ்ப் புல்லி (இதழ்களுக்கு வெளியே உள்ள உறுப்பு) குழிந்து, பின்னால் வாலாக நீளும். அந்த வாலின் நீளமும் வளைவும், இணைந்த இதழ்களின் மடல் வடிவமும்தான் முக்கியம். நிறத்தை நம்பாதீர்கள், அது செடிக்குச் செடி மாறும். பத்துச் செடிகளிலாவது பூவை நின்ற இடத்திலேயே அளந்துவிட்டு, இரண்டு மூன்றை மட்டும் 70 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள்.

வனத்துறை அனுமதி வாங்கிய பிறகும் அங்குள்ள 20 செடிக்கு 1 என்ற கணக்கைத் தாண்டிப் பறிக்கக்கூடாது. அத்தனை செடி இல்லையா? பூவும் காயும் உள்ள ஒரு கிளை போதும், வேரைத் தொடாதீர்கள். மழைக்காலத்தில் செடியை அழுத்தி வைத்த தாளை முதல் சில நாள் தினமும் மாற்றாவிட்டால் பூசணம் பிடித்துவிடும்.

அடுத்தது ஒப்பீடு. தாவரவியலாளர் ராபர்ட் வைட் 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவில் சேகரித்த மாதிரிகள் பல லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் வைக்கும் பெயர், பழைய பெயரின் மறுபெயராகப் போய்விடலாம்.

புதிய பெயரை வெளியிட 2012 முதல் லத்தீன் கட்டாயமில்லை, மற்றச் சிற்றினங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்ற குறிப்பை ஆங்கிலத்தில் எழுதலாம். ஆனால் ஹோலோடைப் (பெயருக்கு ஆதாரமான ஒரே மாதிரி) எது, எந்த உலர்தாவரகத்தில் (உலர்த்திய செடிகளைச் சேமிக்கும் இடம்) இருக்கிறது என்று எழுதாவிட்டால் பெயர் செல்லாது, மறுபடி முறைப்படி வெளியிட வேண்டும். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, அரசு குறித்த களஞ்சியத்தில் மாதிரியை ஒப்படைக்கவும் வேண்டும்.

ஒரே சரிவில் பார்த்துவிட்டு "மிக அருகியது" என்று எழுதுவதும் தவறு. முதிர்ந்த செடிகள் 50க்கும் குறைவு என்று காட்டினால் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் வகுத்த அளவுகோலில் அந்த நிலை பொருந்தும். அதற்குப் பூக்கும் பருவத்தில் பக்கத்துச் சரிவுகளையும் நடந்து தேடியிருக்க வேண்டும். தேடாதவர்கள் "தரவு போதாது" என்றுதான் எழுத வேண்டும்.

செடி நிற்கும் இடத்தின் ஜிபிஎஸ் எண்ணை வனத்துறைக்கும் உலர்தாவரகத்துக்கும் மட்டும் கொடுங்கள். கட்டுரையில் மலைத்தொடரின் பெயரோடு நிறுத்துங்கள், முகநூலில் அதுவும் வேண்டாம்.