வேகத்தைக் கூட்டிக் கேட்கிற கதை இல்லை அது

நம் வாசிப்புக் குழுவின் சனிக்கிழமை கூட்டத்தில் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும். பதிவு இன்னும் குழுவில் கிடக்கிறது, கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக. யார், என்ன என்று திரும்ப விவரிக்கப் போவதில்லை. இந்த மாதப் புத்தகமான 'எல்ஃப்லேண்ட் அரசனின் மகள்' நாவலை ஒலிநூலாக இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அதையும் பாதியில் நிறுத்திவிட்டு, "ஒண்ணுமே நடக்கல, ஒரே அழுமூஞ்சிக் கதை" என்று தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. அடுத்த மாதத்துக்கு வேறு புத்தகமும் முடிவாகிவிட்டது. பரிந்துரைத்தவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது வலித்தது, மறைக்கவில்லை. ஆனால் ராத்திரி தூங்கவிடாமல் இதை எழுத வைத்தது அந்த இரண்டு மடங்கு வேகம்தான்.

அயர்லாந்து எழுத்தாளர் டன்சேனி பிரபு 1924இல் எழுதிய அந்த நாவலுக்கு நேரம்தான் கதைப்பொருள். நேரத்தைப் பற்றிய ஒரு கதையின் நேரத்தைப் பாதியாக வெட்டிவிட்டால் கையில் மிஞ்சுவது என்ன? ஆலாபனையை ஓட்டிவிட்டுப் பல்லவியிலிருந்து கேட்பவரிடம் ராகத்தைப் பற்றி என்ன பேச முடியும்?

கதையைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. எர்ல் என்று ஒரு சின்ன ஊர். மந்திரம் அறிந்த ஒருவர் எங்களை ஆள வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் பிரபுவிடம் கேட்கிறார்கள். அவர் தன் மகன் அல்வெரிக்கை, எல்ஃப் என்கிற மாய ஜனங்களின் நாடான எல்ஃப்லேண்டுக்கு அனுப்புகிறார், அந்த அரசனின் மகள் லிரசெல்லைக் கட்டிக்கொண்டு வரச் சொல்லி. போகிறான், காவலர்களோடு சண்டை போடுகிறான், அவளை அழைத்துக்கொண்டு வருகிறான். நான்காம் அத்தியாயத்திலேயே ஊர் திரும்பியாகிவிடுகிறது. மொத்தம் 34 அத்தியாயம். சாகசக் கதை எழுதுகிறவர் இந்தச் சண்டையைக் கடைசி வரை இழுத்திருப்பார். டன்சேனி அதை முதலிலேயே முடித்துவிட்டு, அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்று உட்கார்ந்து பார்க்கிறார். மணமான பிறகு. வீடு வந்த பிறகு. வாள் சுவரில் ஏறிய பிறகு.

எல்ஃப்லேண்டில் காலம் ஓடுவதில்லை. அல்வெரிக் அங்கே கொஞ்ச நேரம்தான் இருந்தான். திரும்பி வந்து பார்த்தால் இங்கே பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அனுப்பிவைத்த அப்பா இல்லை. இதைச் சொல்ல ஆசிரியர் எடுத்துக்கொள்வது சில வரிகள்தான், ஒப்பாரி எதுவும் கிடையாது. அழுமூஞ்சிக் கதை என்றவர்கள் இந்த இடத்தைக் கேட்டார்களா, இல்லை அந்த வேகத்தில் அது காதில் விழாமலே போய்விட்டதா?

பிறகு லிரசெல். மனிதர்களின் முறைகளைக் கற்றுக்கொள்ளப் பாடுபடுகிறாள். கும்பிட வேண்டியதை மட்டும் கும்பிடு என்கிறார்கள். அவளோ தண்ணீரில் தெரிகிற நட்சத்திரங்களைக் கும்பிடுகிறாள். புருஷன் கோபப்படுகிறான். ஒருநாள், அப்பா அனுப்பியிருந்த மந்திரச் சுருளைப் பிரித்துப் படிக்கிறாள். இலையுதிர்காலத்துக் காற்றில் இலைகளோடு இலையாகப் போய்விடுகிறாள், பிள்ளையை விட்டுவிட்டு. அல்வெரிக் தேடிக் கிளம்புகிறான். ஆனால் அரசன் தன் நாட்டையே பின்வாங்கிக்கொண்டான். எல்ஃப்லேண்ட் இருந்த இடத்தில் கற்கள் மட்டும் கிடக்கிற ஒரு பொட்டல். அந்தக் கற்களுக்கு நடுவே, சிறுவயதில் உடைந்து தொலைந்துபோன தன் பொம்மை கிடப்பதை அவன் பார்க்கிறான். எப்போதோ கேட்ட பழைய பாட்டு ஒன்று காதில் விழுகிறது. அலை உள்வாங்கிய கடற்கரை மாதிரி அந்த நாடு விட்டுச் சென்றவை அவை.

இந்தப் பக்கத்தை முதல் தடவை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். தொடர முடியவில்லை. இந்த மாதிரி ஒரு பக்கம் ஒரு புத்தகத்தில் இருந்தால் போதாதா?

நான் அயர்லாந்தில் மீத் மாவட்டத்தில் நர்ஸாக இருக்கிறேன் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். டன்சேனியின் கோட்டையும் இதே மாவட்டத்தில்தான். பழைய அரசர்களின் டாரா குன்றும் இங்கேதான். வந்த புதிதில், இரவுப் பணியில் ஒரு வயதான அம்மா தூக்கம் வராமல் பேசிக்கொண்டே இருப்பார். அவர்கள் வயலின் நடுவே பழைய வட்ட மண்மேடு ஒன்று உண்டாம், தேவதைகளின் இடம் என்பார்களாம். அவர் அப்பா உழும்போது அதைச் சுற்றித்தான் ஏர் ஓட்டுவாராம், ஒருநாளும் அதன்மேல் ஏற்றியதில்லை. "நம்புறீங்களா?" என்று கேட்டேன். "நம்பல. ஆனா உழுது பார்க்கவும் மாட்டேன்" என்றார். பிறகு, கேட்காமலேயே, அண்ணனைப் பற்றிச் சொன்னார். சின்ன வயதில் பாஸ்டனுக்குப் போனவர். வெகுகாலம் கழித்துத் திரும்பி வந்தபோது, பிறந்த வீட்டு வாசலில் நின்று "உள்ளே வரலாமா?" என்று கேட்டாராம். "எங்க வீட்டுக்குள்ள வர எங்க அண்ணன் அனுமதி கேட்டான்." அதைச் சொல்லிவிட்டுப் போர்வை நுனியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத்தான் எனக்கு ஓஷீன் என்ற பழைய ஐரிஷ் கதை விளங்கியது. ஓஷீன் வீரன், கவி. நீவ் என்ற பெண் வெள்ளைக் குதிரையில் வந்து அவனை இளமை மாறாத நாட்டுக்கு அழைத்துப் போகிறாள். மூன்று வருஷம் இருந்ததாக நினைக்கிறான். ஊர் ஞாபகம் வந்து திரும்பினால் முந்நூறு வருஷம் ஆகியிருக்கிறது. தோழர்கள் ஒருவரும் இல்லை. தரையில் கால் படக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஒரு கல்லைத் தூக்க முடியாமல் தவிக்கிற ஆட்களுக்கு உதவக் குனிகிறான், சேணத்தின் வார் அறுந்து விழுகிறான், மண்ணைத் தொட்டதும் கிழவனாகிறான். 1750 வாக்கில் மிஹால் கோமீன் ஐரிஷ் மொழியில் பாட்டாக எழுதிய கதை. 1889இல் ஐரிஷ் கவிஞர் யேட்ஸ் அதை ஆங்கிலத்தில் நீண்ட கவிதையாக்கினார். இதைத் தேவதைக் கதை என்று ஒதுக்குகிறவர்கள், 1841இல் 80 லட்சத்துக்கு மேல் இருந்த இந்தத் தீவின் மக்கள்தொகை 1851இல் 65 லட்சமாகக் குறைந்ததையும் சேர்த்துப் பாருங்கள். உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதைவிட அதிகம் பேர் கப்பலேறினார்கள். கப்பலேறுகிறவருக்கு முந்தின இரவு இங்கே சாவு வீட்டில் விழித்திருப்பது போலவே உறவுகள் கூடி விடிய விடிய விழித்திருப்பார்கள். உயிரோடு இருப்பவருக்கு இழவு காத்த ஜனங்கள். அவர்கள் சொன்ன கதைகள் வேகமாகவும் குஷியாகவும் இருந்தாக வேண்டுமா?

"தப்பித்தல் இலக்கியம்" என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். மிகுந்த மரியாதையோடு கேட்கிறேன், எதிலிருந்து தப்பித்தல்? தப்பிக்க நினைக்கிறவனுக்கு இந்தக் கதைகளில் இடமே கிடையாது. போனவன் எல்லாம் திரும்பி வந்து கிழவனாகிறான். கடலில் வெகுகாலம் சுற்றிவிட்டு வருகிற பிரான் என்பவனின் பழைய ஐரிஷ் கதையில், வீட்டு ஞாபகத்தில் படகிலிருந்து கரையில் குதிக்கிறவன் அப்போதே சாம்பலாகிறான். லிரசெல்லைப் பாருங்கள். சாவே இல்லாத நாட்டில், அப்பாவின் மடியருகே உட்கார்ந்துகொண்டு, வாடிப்போகிற பூக்கள் இருக்கிற நம் வயல்களுக்கு ஏங்குகிறாள். அங்கே போனவர் இங்கே ஏங்குவதும், இங்கே இருப்பவர் அங்கே ஏங்குவதும்தான் இந்தக் கதைகளின் உயிர். கடல் கடந்து சம்பாதிக்கிற நம்மில் யாருக்கு இது புரியாது?

"ஒரு வெள்ளைக்காரப் பிரபு கோட்டையில் உட்கார்ந்து எழுதியதை நாம் ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும்" என்பது அடுத்த குற்றச்சாட்டு. தெரியும். பதினெட்டாவது டன்சேனி பிரபு, பிரிட்டிஷ் பட்டாளத்து அதிகாரி, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சியின்போது அரசுப் பக்கம் நின்று குண்டடி பட்டவர். எல்லாம் தெரியும். அந்தப் பொம்மை கிடக்கிற பக்கத்தை இது எதுவும் பொய்யாக்கிவிடாது. அவ்வளவுதான் என் பதில்.

"நம்மிடம் இல்லாத கதையா?" இருக்கிறது, நிறைய இருக்கிறது, அதையும் படிக்கிறேன். பிரிவுக்கு ஒரு திணை, காத்திருப்புக்கு ஒரு திணை, இரங்கலுக்கு ஒரு திணை என்று நிலத்தையே பிரித்து வைத்த மொழியில் இருந்துகொண்டு சோகம் என்றால் சலிப்பு என்று எப்படிச் சொல்ல வருகிறது?

வர்ணனை அதிகம் என்பது மட்டும் எனக்கும் ஓரளவு சரிதான். தொடக்கத்தில் சில இடங்களில் ஒரே வாக்கியம் அரைப் பக்கம் போகும். ஆனால் அந்த வாக்கியங்களைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். மூச்சு தானாக நீளும். அந்த நிதானம் இந்த ஊரில் இன்னும் இருக்கிறது. நியூகிரேஞ்ச் என்று ஒரு இடம் இங்கே இருக்கிறது, கிமு 3200 வாக்கில் கட்டிய கல்லறை மேடு. பழங்கதைகளில் அது தேவர்களின் மாளிகை. வருஷத்தின் மிகக் குறுகிய பகல்களில், டிசம்பரில், சூரியன் உதிக்கிறபோது வெளிச்சம் நீளமான கல் நடை வழியாக ஊர்ந்து உள்ளறைவரை போய், சுமார் 17 நிமிஷம் இருந்துவிட்டுத் திரும்புகிறது. உள்ளே நின்று பார்க்கக் குலுக்கல் போட்டுத்தான் ஆள் எடுக்கிறார்கள். அந்த 17 நிமிஷத்துக்காக இங்கே இவ்வளவு பேர் விண்ணப்பம் போடுகிறார்கள். 1999இல் கிளேர் மாவட்டத்தில் ஒரு முள்மரம் தேவதைகளுடையது என்று ஒரு கதைசொல்லி குரல் கொடுத்தார். புதிதாகப் போட்ட நெடுஞ்சாலை அந்த மரத்தை விட்டுவிட்டுத்தான் போனது. அவசரமே இல்லாத ஜனங்கள் இவர்கள் என்று சொல்லவரவில்லை, என் வார்டில் வந்து பாருங்கள். சில விஷயங்களுக்கு அவசரப்படக்கூடாது என்று இன்னும் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நேற்று என் தம்பி போனில் கேட்டான். அப்பா போனபோது நான் இங்கே இருந்தேன். விடுப்பு கிடைத்து, டிக்கெட் கிடைத்து, நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. தாழ்வாரத்தில் அவர் நாற்காலி சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. கருமாதி முடிந்து திரும்பி வந்து வேலைக்குப் போனேன். கொஞ்ச நாளிலேயே, "இன்னும் அதையே நினைச்சிட்டிருந்தா எப்படிம்மா, அடுத்த வேலையைப் பாரு" என்று எல்லோரும். அன்பாகத்தான் சொன்னார்கள். துக்கத்தையும் வேகத்தைக் கூட்டி முடிக்கச் சொன்னார்கள். ஊரில் மனிதர்கள் சொல்லாத ஒன்றை அந்தப் பழைய நாவல்தான் எனக்குச் சொன்னது: போனவன் திரும்பி வந்தான், அப்பா இல்லை, அவன் கதை இன்னும் 30 அத்தியாயம் நடக்கிறது. அவசரமில்லை, நட என்றது. அந்தப் புத்தகத்தைத்தான் நான் உங்களுக்குக் கொடுத்தேன். சும்மா ஒரு தலைப்பைப் பட்டியலில் போடவில்லை.

பிடிக்கவில்லை என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. பத்துப் பக்கம் நிதானமாகப் படித்துவிட்டு, இது எனக்கானது இல்லை என்று வைத்தவர்கள் குழுவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கேட்காததைக் கேட்டதாகச் சொல்லி, அதை வைத்து ஒரு புத்தகத்தையே சிரிப்பாக்கியதுதான் பொறுக்க முடியவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு நான் வரவில்லை. அதே சனிக்கிழமை, இந்திய நேரம் இரவு எட்டரைக்கு, ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து நானே சத்தமாகப் படிக்கப் போகிறேன், வாரம் ஒரு அத்தியாயம். சேர விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். புத்தகம் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், என் பிரதியிலிருந்து படிக்கிறேன். முதல் நான்கு அத்தியாயத்தின் கதையை மேலே சொல்லிவிட்டேன்.