தூக்கம் வரலை, ஒரு தம் போட்டுட்டு வரேன்

ராத்திரி 2.40. முழிப்பு வந்ததும் கை தேடுவது செல்போனைத்தான். மணி பார்ப்பேன். ஆறு மணிக்கு எழுந்தாக வேண்டும், இன்னும் மூன்று மணி நேரம் இருபது நிமிஷம் இருக்கிறது. புரண்டு படுப்பேன். மறுபடி பார்த்தால் 3.05. மூன்று மணி நேரம்கூட இல்லை. பத்து மணிக்கு மீட்டிங், போன வாரம் மாதிரி வாய் குழறினால் மானம் போகும். இந்தக் கணக்கு ஓட ஆரம்பித்தால் அப்புறம் எங்கே தூக்கம்? தாழ்ப்பாள் சத்தம் கேட்காமல் நீக்கிவிட்டு மொட்டை மாடிக்குப் போவேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு கொட்டாங்கச்சி இருக்கும். அதுதான் என் ஆஷ்ட்ரே. ஒரு தம். சில நாள் இரண்டு.

ஏழு வருஷம் இப்படித்தான் ஓடியது. "தூக்கம் வரலை, அதான் தம்மு" என்று நான் சொல்வேன். "தம்மை விடு, தூக்கம் தானா வரும்" என்று ஊரே சொல்லும். எல்லாரும் தூக்கத்தையும் சிகரெட்டையும் பற்றிப் பேசினார்களே தவிர, அந்த 2.40 மணிக் கணக்கைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. நான் பார்த்த டாக்டர் உட்பட. நாலு நிமிஷத்தில் மாத்திரை எழுதிக் கொடுத்து, "டென்ஷன் ஆகாதீங்க" என்றார். டென்ஷன் ஆகாதே என்று சொல்லி டென்ஷன் குறைந்த ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

தூங்காமல் கிடப்பதை விடத் தூக்கத்தைப் பற்றிக் கவலைப்படுவதுதான் ஆளை அதிகம் படுத்துகிறது என்பது என் அனுபவம். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, அலிசன் ஹார்வி என்ற உளவியலாளர் 2002-லேயே இதை ஒரு கோட்பாடாக எழுதி வைத்திருக்கிறார். நாளைக்கு என்ன ஆகுமோ என்ற கவலை உடம்பை உசுப்பிவிடும். உசுப்பிய உடம்பு கடிகாரத்தையும் இதயத் துடிப்பையும் கண்காணிக்கும். கண்காணிக்கக் கண்காணிக்கத் தூங்கியது உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். மறுநாள் லேசாகத் தலை வலித்தாலும், பிள்ளையிடம் எரிந்து விழுந்தாலும், பழி தூக்கத்தின் தலையில்தான். எனக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது. மேனேஜர் திட்டியதற்குக்கூடத் தூக்கமின்மைதான் காரணம் என்று நம்பியிருக்கிறேன்!

இதில் எண்ணெய் ஊற்றுவதற்கென்றே இப்போது ரீல்ஸ் வேறு. எட்டு மணி நேரம் தூங்காவிட்டால் இதயம் போச்சு, மூளை போச்சு என்று ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவர் மிரட்டுகிறார். நானும் தூக்கத்தை அளக்கிற ஒரு வாட்ச் வாங்கிக் கட்டினேன். காலையில் அது 58 மார்க் போட்டால் அன்றைக்கு முழுக்க நான் 58 மார்க் ஆள்தான். இந்த வியாதிக்கு 2017-இல் ஒரு பெயரே வைத்துவிட்டார்கள், ஆர்த்தோசோம்னியா என்று. அந்த வாட்ச் இப்போது பீரோவில் சார்ஜ் இறங்கித் தூங்குகிறது.

சரி, தம்முக்கு வருகிறேன். நிகோடின் தட்டியெழுப்புகிற சரக்கு, தாலாட்டுகிற சரக்கு இல்லை. பிறகு ஏன் மாடியில் நிற்கும்போது அவ்வளவு ஆறுதல்? ரத்தத்தில் நிகோடின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். பத்தரைக்குக் கடைசி தம் என்றால் இரண்டரைக்கு அது கால்வாசி. உடம்பு கேட்க ஆரம்பிக்கிறது, ஒரு படபடப்பு. அந்தப் படபடப்பை நான் தூக்கக் கவலை என்று எடுத்துக்கொண்டேன். தம் அடித்ததும் அடங்கியது. தானே மூட்டிய நெருப்பைத் தானே அணைத்துவிட்டு நல்ல பெயர் வாங்கிக்கொண்டது சிகரெட். அதைவிட மோசம், ராத்திரியில் முழித்தால் ஒரு தம் கிடைக்கும் என்று உடம்பைப் பழக்கியதே நான்தான். பிறகு அது முழிக்காமல் என்ன செய்யும்?

சிகரெட்டை விட்டால் மனசு இன்னும் கெட்டுப்போகும் என்ற பயம் எனக்கும் இருந்தது. முதல் சில வாரம் அப்படித்தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன, தொடர்ந்து பிடித்தவர்களைவிட.

மூன்று தடவை விட்டேன். மூன்று தடவையும் முதல் வாரத்தைத் தாண்டவில்லை. கவிழ்த்தது ஆசை இல்லை, தூக்கம். மூன்றாம் ராத்திரி கொட்டக் கொட்ட முழித்துக் கிடந்தபோது, "இப்படியே போனா வேலை போயிடும், தூக்கம் சரியானப்புறம் விட்டுக்கலாம்" என்று மனசு நியாயம் பேசியது. விடிவதற்குள் டீக்கடை வாசலில், தொங்குகிற லைட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

யாரும் எனக்குச் சொல்லாத ஒரு விஷயம் இங்கே இருக்கிறது, காபி. சிகரெட் புகையில் உள்ள தார்ப் பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடும், சிஒய்பி1ஏ2 என்று அதற்குப் பெயர். காஃபினைக் கரைப்பது அதுதான். புகைப்பவர் உடம்பில் காபி ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் கரைந்துவிடும். அதனால்தான் நாம் நாலு டம்ளர் குடித்தாலும் அசரமாட்டோம். சிகரெட்டை நிறுத்திய சில நாளில் அந்த வேகம் இறங்கிவிடும். முடுக்குவது புகைதான், நிகோடின் இல்லை. ஆகவே சிகரெட்டுக்குப் பதிலாகத் தோலில் நிகோடின் பேட்ச் ஒட்டினாலும் கதை இதேதான். நானோ சிகரெட்டை விட்ட துக்கத்தில் அஞ்சாவது டம்ளர் டிகிரி காபி அடித்துக்கொண்டிருந்தேன்! சாயங்காலம் ஆறு மணி காபி நடுராத்திரி வரை நெஞ்சில் மத்தளம் கொட்டியது. நான் அதைச் சிகரெட் இல்லாத குறை என்று நினைத்தேன்.

நாலாவது தடவை காபியை இரண்டாகக் குறைத்தேன், இரண்டும் மத்தியானத்துக்கு முன்னால். பேட்சைப் படுக்கும் முன் கழற்றிவிடுவேன். இல்லாவிட்டால் கனவெல்லாம் பேய்ப்படம். சிகரெட் அட்டையிலேயே அச்சிட்டிருக்கும், புகையை விட உதவுகிற 1800-11-2356 எண்ணுக்கும் போன் செய்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் எதிர்முனையில் பேசியவர் அறிவுரை எதுவும் சொல்லாமல், எந்த நேரத்து தம் கஷ்டம் என்று கேட்டார். முதல்முறையாக ஒருவரிடம் "2.40" என்று சொன்னேன்.

தூக்கத்துக்கு ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் 1972-இல் சொன்ன பழைய வைத்தியம்தான் கைகொடுத்தது. தூக்கம் வராவிட்டால் படுக்கையில் கிடந்து மல்லுக்கட்டாதே, எழுந்து வேறு அறைக்குப் போ, கண் சொக்கும்போது திரும்பி வா. நானும் ஏழு வருஷமாக எழுந்துதானே போனேன், போன இடம்தான் தப்பு. இப்போது ஹாலோடு சரி, மாடிக் கதவுச் சாவி மனைவியிடம். கடிகாரத்தைச் சுவரிலிருந்து கழற்றியாயிற்று. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இந்த மாதிரி மனப்பயிற்சி சிகிச்சையைத்தான் கொடுக்க வேண்டும் என்று 2016-இல் ஏசிபி (American College of Physicians) என்ற அமெரிக்க மருத்துவர் அமைப்பே பரிந்துரைத்திருக்கிறது. நம் ஊரில் அதைச் சொல்லித்தர ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

அஞ்சு மாசம் ஆகிறது. தூக்கம் பிரமாதம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். போன செவ்வாய்க்கிழமைகூட முழிப்பு வந்துவிட்டது. மணி தெரியாது. ஹாலில் உட்கார்ந்து, காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க வந்த மனைவி பார்த்தாள்.

"என்னங்க, தூக்கம் வரலையா?"

"வரலை."

"சரி, அந்தத் தலகாணி உறையையும் சேத்து மடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.