சொன்னால் கேட்காதவர்களா?

"இவங்க சொன்னா கேட்க மாட்டாங்க." அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் குடும்ப மருத்துவராகச் சேர்ந்த புதிதில், கறுப்பின நோயாளிகளைப் பற்றி மூத்தவர்கள் அடிக்கடி சொன்னது இது. நம் ஊர் டாக்டர்கள் நாலு பேர் கூடினாலும் இதே பேச்சுதான். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

ஒரு அம்மா வந்தார். டவுன் பஸ் ஓட்டுகிறவர். வயது 58, எடை 118 கிலோ, பிரஷரின் மேல் அளவு 182. 'மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை' என்று ஃபைலில் ஏற்கெனவே எழுதியிருந்தது. கையைப் பார்த்தேன். பிரஷர் பார்க்கச் சுற்றும் பட்டை சுற்றளவுக்குப் போதவில்லை, காற்று ஏற ஏற வெல்க்ரோ பிரிந்துகொண்டு வந்தது. பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் பிரஷர் கூடுதலாகத்தான் காட்டும். பக்கத்து அறைகளில் தேடிப் பெரிய பட்டை கொண்டுவந்து போட்டேன். 164. அதுவும் அதிகம்தான், சரி. மாத்திரையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

"நீர் மாத்திரை போட்டா அடிக்கடி பாத்ரூம் போகணும் டாக்டர். பஸ் நிறைய ஆளை உட்கார வச்சுட்டு நான் எங்க போவேன்?"

இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் இதைக் கேட்டதே இல்லை. கறுப்பினத்தவருக்குத் தனியாகக் கொடுக்கும்போது லிசினோபிரில் என்ற பிரஷர் மாத்திரையைவிட நீர் மாத்திரையும், அம்லோடிபின் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையும் நன்றாகக் கேட்கும் என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். படித்தது சரிதான். அவர் வேலை என்ன என்று பார்க்காமல் எழுதிக் கொடுத்ததுதான் தப்பு.

2018இல் வெளிவந்த லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வு ஒன்று உண்டு. 52 சலூன்கள், பிரஷர் கட்டுப்படாத 319 கறுப்பின ஆண்கள். ஒரு பிரிவினருக்கு மருந்தாளுநர் சலூனுக்கே வந்து, அவர்களுடைய டாக்டர்களின் ஒப்புதலோடு மருந்து கொடுத்தார். மற்றவர்களிடம் டாக்டரைப் பாருங்கள் என்று முடிவெட்டுகிறவர் சொன்னதோடு சரி. ஆறு மாதத்தில் முதல் பிரிவில் மேல் அளவு 27 புள்ளி இறங்கியது, மற்றதில் 9 தான். இவர்களா சொன்னால் கேட்காதவர்கள்?

அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, பென்சிலின் வந்த பிறகும், சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் வந்த கறுப்பின ஆண்களுக்கு வைத்தியம் செய்யாமல் அரசே வேடிக்கை பார்த்தது. அந்தக் கதை தெரிந்த வீட்டிலிருந்து வருகிறவர் வெள்ளைக்கோட்டைச் சந்தேகமாகப் பார்த்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அந்த அம்மாவுக்கு அம்லோடிபின் எழுதினேன். நீர் மாத்திரையை ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்ததும் போடச் சொன்னேன். எடையைப் பற்றி அன்று உபதேசம் செய்யவில்லை. இடைவேளையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். டிப்போ பக்கத்தில் பெட்ரோல் பங்க் கடையைத் தவிர எதுவும் இல்லையாம்.

போன மாதம் 136. எடை 115. "அடுத்த தடவை எடையைப் பத்திப் பேசலாம்" என்று அவரே சொல்லிவிட்டுப் போனார்.