கூட யாரு வந்திருக்கா?

எங்க பெரியம்மாவோட இடது கால் சுண்டுவிரலையும் அதுக்குப் பக்கத்து விரலையும் போன மாசம் எடுத்தாச்சு. ஆபரேஷனுக்கு, ஊசி மருந்துக்கு, தினமும் மாத்துற கட்டுக்கு, காலையில குடுக்குற பாலுக்கு பிரெட்டுக்கு, எதுக்கும் எங்ககிட்ட யாரும் காசு கேக்கல. எல்லாமே கவர்மெண்ட் பெரியாஸ்பத்திரியில. இத மொதல்லயே சொல்லிடுறேன். எல்லாம் இலவசமா கெடைக்கிற எடத்துக்கு அழுகுன கால வச்சுக்கிட்டு ஒரு மனுஷி ஏன் பதினாறு நாள் வராம வீட்டுலயே உக்காந்திருந்தாங்கன்னு நெனச்சு நெனச்சு எனக்கு தூக்கம் போச்சு, அதான் எழுதுறேன்.

பெரியம்மாவுக்கு 67 வயசு. சுகர் வந்து பன்னெண்டு வருஷம் ஆச்சு. செருப்பு வார் உரசி கொப்புளம் வந்து அது உடைஞ்சு புண்ணாயிருக்கு. ரொம்ப நாள் சுகர் இருக்குறவங்களுக்கு கால் மரத்துப்போயிரும், புண்ணு இருந்தாலும் வலி தெரியாது, அதனால அவங்க பாட்டுக்கு மஞ்சள அரைச்சு பத்து போட்டு பழைய சேலைத் துணிய சுத்திக்கிட்டு கடலை பறிக்க போயிட்டாங்க. வாடை அடிக்க ஆரம்பிச்சதும் ஊருல இருக்குற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போயிருக்காங்க. டாக்டரம்மா பாத்த ஒடனே இது இங்க வச்சு பாக்குற புண்ணு இல்லம்மா, இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்கு போயிருங்கன்னு சீட்டு எழுதி குடுத்திருக்காங்க. அந்தச் சீட்டு பெரியம்மாவோட சுருக்குப்பைக்குள்ள வெத்தலையோட வெத்தலையா நாலா மடிச்சு கெடந்துச்சு. நான் எடுத்துப் பாத்தப்ப மடிப்பெல்லாம் கிழிஞ்சு சுண்ணாம்பு ஒட்டியிருந்துச்சு, ஆனா மேல போட்டிருந்த தேதி மட்டும் அழியல. பதினாறு நாளைக்கு முந்துன தேதி.

ஏன் பெரியம்மா போகலன்னு கேட்டேன். "நான் யார கூட்டிக்கிட்டுப் போக?"ன்னாங்க. அவ்வளவுதான். அண்ணன் குவைத்துல டிரைவர். அக்கா திருப்பூர்ல பனியன் கம்பெனியில தைக்கிறா, பீஸ் ரேட்டு, ஒரு நாள் போகலன்னா ஒரு நாள் காசு இல்ல, ரெண்டு புள்ளைங்க வேற ஸ்கூல் போகுது. போன் பண்ணி சொன்னா ஓடி வந்துருவா, அதனாலயே அவகிட்ட சொல்லல. பக்கத்து வீட்டு சித்தி கூப்ட்டா வரும்தான், ஆனா கடலை எடுக்குற சீசன்ல இன்னொருத்தி கூலிய எப்படி கெடுக்குறதுன்னு இவங்களே விட்டுட்டாங்க. நான் எதேச்சையா ஒரு விசேஷத்துக்கு ஊருக்குப் போனேன், போகலன்னா இன்னும் எத்தன நாள் ஆகியிருக்குமோ.

பெரியாஸ்பத்திரிக்கு போறதுன்னா என்னன்னு டவுனுக்குள்ளயே இருக்குறவங்களுக்கு சொன்னாத்தான் புரியும். எங்க ஊருல இருந்து மொத பஸ் காலையில 5.40க்கு. அது டவுன் பஸ், 2021 மே மாசத்துல இருந்து பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, அது பெரிய உதவி, நான் கொறச்சு சொல்ல மாட்டேன். ஆனா அங்க எறங்கி ஏறுற ரெண்டாவது பஸ் மப்சல் பஸ், அதுல போக வர ரெண்டு ஆளுக்கும் டிக்கெட் உண்டு. போய் எறங்கி ஓபி சீட்டு வரிசையில நிக்கணும், பன்னெண்டு மணியோட ஓபி முடிஞ்சிரும், ரத்தம் குடுத்தா ரிசல்ட் மத்தியானம்தான், அதுக்குள்ள டாக்டர் எந்திரிச்சு போயிருப்பாரு, அப்ப மறுநாளும் இதே 5.40 பஸ்ஸு. நோயாளிக்கு ஒரு நாள் கூலி போச்சு, கூட வந்தவங்களுக்கும் ஒரு நாள் கூலி போச்சு, மத்தியானச் சாப்பாடு வேற. இலவச வைத்தியத்துக்கு இதுதான் பில்லு, எந்த ரசீதுலயும் வராது.

சரி அட்மிஷன் போட்டாச்சு. அந்த ஒம்பது நாள்ல நான் அதிகமா கேட்ட வார்த்த "அட்டெண்டர் யாரு? கூட யாரு வந்திருக்கா?". ரத்தம் எடுத்து குப்பியில ஊத்தி நம்ம கையில குடுப்பாங்க, அத லேப்ல கொண்டுபோய் குடுத்து நம்பர் வாங்கணும், சாயங்காலம் போய் ரிசல்ட்ட வாங்கிட்டு வரணும், எக்ஸ்ரேவுக்கு தள்ளுவண்டி காலியா எங்க நிக்குதுன்னு தேடிப் புடிச்சு நம்மளே தள்ளிட்டுப் போகணும், லிப்ட் வேலை செய்யலன்னா சாய்தளம் எந்தப் பக்கம்னு கேட்டு சுத்திப் போகணும், மருந்து கவுண்டர்ல நிக்கணும், சுடுதண்ணி புடிக்கணும், பாத்ரூம் கூட்டிட்டுப் போகணும், ஊசி போட்ட எடத்துல டியூப்ல ரத்தம் ஏறிருச்சுன்னா சிஸ்டர தேடி ஓடணும். மூணாவது நாளு எனக்கு ஒரு விஷயம் புரிஞ்சுச்சு. நான் அங்க துணைக்கு வந்த ஆள் இல்ல, சம்பளம் இல்லாத ஊழியர். என்னய மாதிரி ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு ஊழியர். நாங்க எல்லாரும் ஒரு நாள் வரலன்னா அந்த வார்டு நடக்காது.

சிஸ்டர்கள நான் குத்தம் சொல்லவே மாட்டேன். ராத்திரி அந்த வார்டு மொத்தத்துக்கும் ஒரே ஒரு சிஸ்டர். முப்பது கட்டிலுக்கு மேல, அதுபோக தரையில பாய் போட்டு படுத்திருந்தவங்க வேற. ஒரு தடவ அந்தப் பொண்ணு காலையில டூட்டி முடியுறப்ப செவுத்துல சாஞ்சு நின்னுக்கிட்டே ரெண்டு நிமிஷம் கண்ண மூடிட்டு தெறந்துச்சு, அவ்வளவுதான் அதுக்கு கெடைச்ச ரெஸ்ட்டு.

இன்னொன்னு, பொம்பளைங்க வார்டுல ராத்திரி ஆம்பளைங்க தங்கக்கூடாது. சரியான ரூல்தான், அது இருக்கணும். ஆனா அண்ணன் வெளிநாட்டுல, அக்கா வர்றதுக்கு ரெண்டு நாள் ஆகும்னா அந்த ரெண்டு ராத்திரி பெரியம்மாவ யாரு பாக்குறது? நான் வெளிய வராண்டாவுல துண்ட விரிச்சு படுத்துக்கிட்டேன். பக்கத்துக் கட்டில்ல அவங்க அம்மாவுக்கு இருந்த ஒரு பொண்ணு, "அண்ணே நீங்க போங்க, நான் பெரியம்மாவயும் பாத்துக்கிறேன்"னுச்சு. யாரோ என்னமோ, எந்த ஊருன்னு கூட எனக்கு அப்ப தெரியாது. ராத்திரி ரெண்டு மணிக்கு பெரியம்மாவுக்கு பெட்பேன் வச்சு எடுத்தது அந்தப் புள்ளதான். காலையில நான் டீ வாங்கிட்டு வந்து குடுத்தேன், வேற என்ன செய்ய முடியும்.

ஆம்பளைங்க வார்டு வாசல்ல ஒரு பெரியவரு. அவருக்கு யாரும் இல்ல. 108ல கொண்டாந்து விட்டிருக்காங்க. 2008ல வந்த அந்த வண்டி எத்தனையோ உசுர காப்பாத்தியிருக்கு, ஆனா அது கொண்டாந்து சேக்கும், அதுக்கப்புறம் கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு ஒரு ஆள் வேணும்ல. அவருக்கு ஸ்கேன் எழுதி மூணு நாள் ஆகியிருந்துச்சு. ஸ்கேன் ரூம் இருக்குறது இன்னொரு பில்டிங்ல. வண்டிய தள்ள ஆள் இல்ல, அதனால தேதி தள்ளிக்கிட்டே போயிருக்கு. மெஷின் இருக்கு, டாக்டர் இருக்காரு, கரண்டு இருக்கு, இவரும் அங்கதான் படுத்திருக்காரு. நடுவுல இருக்குற இருநூறு அடிதான் தடை. நாலாவது நாள் நானும் இன்னொரு பையனும் தள்ளிட்டுப் போனோம், பத்து நிமிஷம் ஆகல. போற வழியெல்லாம் அவரு என் சட்டை நுனிய புடிச்சிக்கிட்டே வந்தாரு, விடவே இல்ல.

இப்ப யாராவது வந்து நம்ம சனங்களுக்கு விழிப்புணர்வு இல்ல, முத்துன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருவாங்கன்னு சொன்னா எனக்கு கோவம் வருது. பெரியம்மாவுக்கு என்ன விழிப்புணர்வு கொறஞ்சு போச்சு? வாடை வந்ததும் தானா போய் காமிச்சாங்கல்ல. டாக்டரம்மாவும் அன்னைக்கே சரியாத்தான் சொல்லி அனுப்புனாங்க. அந்தச் சீட்டுக்கும் சர்ஜனுக்கும் நடுவுல ஒரு ஆள் இல்லாமப் போச்சு, அவ்வளவுதான். ஆபரேஷன் பண்ண டாக்டரு "ரெண்டு வாரம் முன்னாடி வந்திருந்தா விரல எடுக்காமலே பாத்திருக்கலாம்"னு என்கிட்டத்தான் சொன்னாரு, பெரியம்மாகிட்ட நான் இன்னும் சொல்லல.

இது தீக்க முடியாத பிரச்சனையும் இல்ல. இதே தமிழ்நாடு பிரசவத்துல இத தீத்துக் காட்டியிருக்கு. ஒரு பொண்ணு மாசமானது தெரிஞ்சா கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கே வந்து பேர் பதிவு பண்ணுவாங்க, தேதிக்கு வரலன்னா ஏன் வரலன்னு தேடி வருவாங்க, முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல 18,000 ரூபா உதவி இருக்கு, புள்ள பெத்து வீட்டுக்கு திரும்பறப்ப 102 வண்டி கொண்டுபோய் விடும். 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல நூத்துக்கு 99 பிரசவத்துக்கு மேல ஆஸ்பத்திரியில நடந்ததா வருது. கூட்டிட்டுப் போக ஆள் வேணும், திரும்பி வர வண்டி வேணும், கைச்செலவுக்கு காசு வேணும்னு கவர்மெண்டுக்கு அங்க புரிஞ்சிருக்கு. சுகர் கால் புண்ணோட ஒத்தையில இருக்குற கெழவிக்கும் அதே மூணுதான் வேணும்.

கண்ணாஸ்பத்திரிக்காரங்களுக்கும் இது எப்பவோ புரிஞ்சிருச்சு. 1976ல மதுரையில டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோட தொடங்குன அரவிந்த் இன்னைக்கு எவ்வளவு பெருசா நிக்குது. அவங்க கேம்ப்ப பாத்தவங்களுக்கு தெரியும், ஊருக்கே வந்து கண்ண பாப்பாங்க, புரை இருந்தா பஸ்ஸுல ஏத்திட்டுப் போவாங்க, சாப்பாடு போட்டு தங்க வச்சு ஆபரேஷன் பண்ணி திரும்ப கொண்டாந்து விட்ருவாங்க. எங்க அப்பத்தா அப்படி ஒரு கேம்ப்புலதான் போச்சு, வீட்டு ஆள் ஒருத்தர் கூட போகல. பத்து பன்னெண்டு கெழவிங்க ஒண்ணா போயி பச்சைத் துணி கட்டிக்கிட்டு ஒண்ணா வந்து எறங்குனாங்க. ஆபரேஷன மட்டும் இலவசம்னு சொல்லி மதுரைக்கு வந்து பண்ணிக்கோங்கன்னு விட்டிருந்தா அப்பத்தா கடைசி வரைக்கும் கண்ணு தெரியாமத்தான் இருந்திருக்கும்.

2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் எங்க ஊருக்கும் வருது. பிபி மாத்திரை, சுகர் மாத்திரை வீடு தேடி வருது, படுத்த படுக்கையா இருக்குறவங்களுக்கு பிசியோதெரபி கூட பண்றாங்க. மாத்திரை கொண்டுவர்ற அந்த அக்கா வந்தன்னைக்கு பெரியம்மா கால மடிச்சு சேலைக்குள்ள வச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தாங்களாம், பாத்தா போகச் சொல்லுவாங்கன்னு. அந்த அக்காவுக்கு ஒருத்தரக் கையோட ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போறதுக்கு ஒரு அதிகாரமும் அதுக்கு ஒரு நாள் படியும் குடுத்திருந்தா பெரியம்மா கால ஒளிச்சிருக்க மாட்டாங்க.

காப்பீட்டு அட்டை கதையும் இதேதான். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் நல்ல திட்டம். ஆனா அட்டை இல்லாதவங்க விஏஓகிட்ட வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டோட கலெக்டர் ஆபீஸ் போகணும். காலு புண்ணோட யாரு போவா? கூட இருக்குற ஆள்தான் போகணும், அது வரைக்கும் வார்டுல கூட இருக்க யாரு?

கையெழுத்து விஷயத்தையும் சொல்லணும். ஆபரேஷனுக்கு முன்னாடி சம்மதக் கையெழுத்து போட "சொந்தக்காரங்க யாராவது வாங்க"ன்னாங்க. பெரியம்மா முழு நெனவோட உக்காந்திருக்காங்க, அவங்க காலு அது. நெனவோட இருக்குற வயசு வந்த ஆளுக்காக வேற யாரும் சம்மதம் குடுக்க முடியாதுன்னு 2008லயே சுப்ரீம் கோர்ட் ஒரு கேஸ்ல சொல்லிருச்சு. நான் இருந்தேன், அவங்க போட்டாங்க, கூட நானும் போட்டேன். ஆளே இல்லாதவங்களுக்கு இந்தக் கையெழுத்துக்காகவே எத்தன ஆபரேஷன் தள்ளிப்போகுதோ.

நான் கேக்குறது பெரிய கட்டடம் இல்ல. ஒவ்வொரு வார்டுலயும் நோயாளிக்குத் துணையா ஆள் போடுங்க, ஆணும் பொண்ணுமா, ராத்திரிக்கும் சேத்து, சம்பளத்தோட. எங்க ஊருகள்ல மகளிர் குழுவுல இந்த வேலைய செய்ய எத்தனையோ பேரு இருக்காங்க. காசநோய்க்காரங்களுக்கு மாசம் 500 ரூபான்னு குடுத்துட்டிருந்தத 2024 நவம்பர்ல இருந்து 1,000 ஆக்குனாங்கல்ல, அந்த மாதிரி பெரியாஸ்பத்திரிக்கு சீட்டு எழுதுறப்பவே போக வர பஸ் காசும் ஒரு நாள் கூலியும் அக்கவுண்ட்ல ஏறட்டும். சீட்டு எழுதுன மூணாவது நாளு அவங்க போய் சேந்தாங்களா இல்லையான்னு யாராவது ஒரு போன் போட்டுக் கேக்கட்டும். பெரியம்மாவுக்கு அந்த ஒரு போன் வந்திருந்தா போதும்.

பெரியம்மா இப்ப வீட்டுல இருக்காங்க. அக்கா பத்து நாள் இருந்துட்டு திருப்பூர் போயிட்டா. கட்டு மாத்த வாரத்துக்கு ஒருக்க போகணும், அடுத்தது வர்ற செவ்வாய். நேத்து போன்ல பேசுனப்ப "நீ வராத, லீவு போடாத, அன்னைக்கு கொஞ்சம் லேசா இருந்தா நானே மெதுவா போயிக்கிறேன்"ங்கிறாங்க. சுருக்குப்பையில அந்தப் புது சீட்டு இருக்குமேன்னுதான் எனக்கு நெனப்பு ஓடுச்சு. திங்கக்கெழம ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருக்கேன்.